ஒரே ஷாஃப்டில் இரண்டு பெடல்

1. மழையில் வந்த பிக்கப்

அந்த பிக்கப் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த மதியம் நல்ல மழை. கருங்கலிலிருந்து மார்த்தாண்டம் போகிற ரோட்டில், ரோட்டைவிடக் கொஞ்சம் தாழ்வாக என் ஷெட் இருக்கிறது. ஓட்டி வந்தவன் மேலேயே இஞ்சினை அணைத்தான். பிறகு வண்டியை மெல்ல உருளவிட்டு உள்ளே கொண்டுவந்து ஹேண்ட் பிரேக் பிடித்து நிறுத்தினான். காலால் பிரேக்கைத் தொடவே இல்லை. இறங்கும்போதும் டிரைவர் கதவைத் திறக்காமல், சீட்டில் நகர்ந்து இடது பக்கக் கதவு வழியாகத்தான் இறங்கினான்.

வண்டி என்னைவிட மூத்தது. வட்ட ஹெட்லைட், நீண்ட மூக்கு, பின்னால் மரப்பலகை அடித்த பெட்டி. மீன் தண்ணீர் வடிந்து வடிந்து சேஸிஸ் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

ஓட்டி வந்தவன் பெயர் சகாயம். கடலோர ஊர்க்காரன். தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏற்றி மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் கொண்டுபோய் இறக்குவது அவன் பிழைப்பு. தலையைத் துவட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, பிரேக்கு பாக்கணும்."

"பிடிக்கல்லியா?"

"பிடிக்குது. ஆனா நான் மட்டும் பிடிக்கல்ல."

"வேற ஆரு பிடிக்கா?"

அவன் ஒருமுறை வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் பிரேக்க சவிட்டினா பக்கத்தில கிளச்சு தானா தாழுது. ஒரு ஆளு காலு வச்சு அமுக்கினது கணக்கா. இப்பம் குழித்துறைப் பாலத்து எறக்கத்தில காலி வண்டியாட்டு வாறேன். முன்னால பரீட்சை முடிஞ்சு பிள்ளைய போவுது. பிரேக்க சவிட்டினேன், கிளச்சும் கூடப் போச்சு. இஞ்சின் பிடிய விட்டுட்டு வண்டி பாய்ஞ்சுது. கைப்பிரேக்க வலிச்சுத்தான் நிறுத்தினேன். ஒரு பிள்ளைக்க குடை பம்பர்ல தட்டிச்சு அண்ணா. அம்புட்டுதான் இடைவெளி."

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "இரி" என்று ஸ்டூலைக் காட்டினேன். அவன் உட்காரவில்லை.

"அது எங்க அப்பாவாக்கும்" என்றான்.

அவன் அப்பா சூசை வாழ்நாள் முழுக்க இந்த வண்டியை ஓட்டியவர். போன வருடம் ஒரு காலை, துறைமுகத்தில் வள்ளம் கரைக்கு வரக் காத்திருந்தபோது சீட்டில் இருந்தபடியே இறந்துபோனார். ஆட்கள் போய்ப் பார்த்தபோது அவருடைய இடது கால் கிளச்சை அமுக்கியபடியே இருந்ததாம். டிரைவர் கதவு துருப்பிடித்து மாட்டிக்கொண்டதால் இடது பக்கமாக இழுத்துத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

"ரெண்டு மெக்கானிக்கு பாத்தாச்சு. ராடு அட்ஜஸ்ட் பண்ணித் தந்தாவ. கொஞ்ச நாளு நல்லா நிக்கும், பொறவு பழையபடி. இந்த வாட்டியும் செரியாகல்லண்ணா பழைய இரும்புக்குப் போட்டுருவேன். அம்மா சம்மதிக்க மாட்டா. 'அவரு எறங்காம வண்டிய எப்படிலே விக்க?'ண்ணு கேக்கா. நான் சாவணுமா அண்ணா?"

"வச்சிட்டுப் போ" என்றேன். அவன் பஸ் ஏறிப் போய்விட்டான்.

நான் இடது பக்கமாக ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பிரேக்கை மெதுவாக மிதித்தேன். என் இடது கால் தரையில் சும்மா இருந்தது. அதற்கு முன்னால் கிளச் பெடல், பிரேக்கோடு ஒரே வேகத்தில் தாழ்ந்தது. மேலிருந்து ஒரு பாதம் அமுக்குவதுபோல நிதானமாகத் தாழ்ந்தது. நான் காலை எடுத்தேன். இரண்டும் மேலே வரவில்லை. தரையோடு கிடந்தன.

குனிந்து கிளச்சின் ரப்பரைப் பார்த்தேன். வெறுங்காலால் ஓட்டியவரின் ரப்பர். விரல் பதிந்த குழிகள் நான்கு. பெருவிரல் வரவேண்டிய இடத்தில் மட்டும் ரப்பரின் வரிகள் புதிதுபோல அப்படியே இருந்தன. சூசைக்கு வள்ளத்தில் வேலை செய்த சின்ன வயதில் கயிறு சுற்றி இடது பெருவிரல் போய்விட்டது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது தெரியாது. ஏனோ என் காலை அதன்மேல் வைக்க மனம் வரவில்லை.

இறங்கி வந்து பால் விடாத கட்டன்சாயா போட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. தகரத்திலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. சாயா பாதி குடித்திருப்பேன். வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வயதானவர் உட்கார்ந்து எழும்போது முட்டியிலிருந்து வருகிற மாதிரி, நீளமாக, பைய. திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். இரண்டு பெடலும் தானாக மேலே வந்துகொண்டிருந்தன. யாரோ நிதானமாகக் காலை எடுக்கிறார்கள். பாதியில் ஒருமுறை நின்றது. பிறகு மிச்சமும் வந்தது.

ரிட்டர்ன் ஸ்பிரிங் இழுக்கிறது, ஷாஃப்ட் பிடிக்கிறது, கடைசியில் ஸ்பிரிங் ஜெயிக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மிச்ச சாயாவை ஷெட்டுக்கு வெளியே நின்றுதான் குடித்தேன்.

2. பள்ளத்தில் நின்றபோது

மறுநாள் காலை வண்டியை, அடியில் நின்று வேலை செய்கிற பள்ளத்துக்கு மேலே தள்ளி நிறுத்தி, கைவிளக்கோடு கீழே இறங்கினேன். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் கிளச் பெடல், பிரேக் பெடல் இரண்டும் தரைக்குக் கீழே ஒரே ஷாஃப்டில் பக்கத்துப் பக்கத்தில் கோத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு புஷ், ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் உலோக வளையம். நடுவில் ஒரு வாஷர். புஷ் நன்றாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனியாக வேலை செய்யும். புஷ் தேய்ந்தால் பெடல் சாயும். சாய்ந்து பக்கத்துப் பெடலோடு உரசும். வாஷர் தேய்ந்து காணாமல் போகும்.

இதில் எல்லாமே நடந்திருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை. இரண்டு பெடலுக்கும் நடுவில் கருப்பாக ஒரு பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. கிரீஸ் உள்ளே போகிற நிப்பிளையும் அது மூடியிருந்தது. ஸ்குரூடிரைவரால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் வாசனை இல்லை, பிரேக் ஆயில் வாசனையும் இல்லை. எரிந்த திரியின் வாசனை. நான் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் வளர்ந்தவன். தேங்காயெண்ணெய் எனக்குத் தெரியும். ஆனால் தேங்காயெண்ணெய் இங்கே எப்படி வரும்?

அண்ணாந்து பார்த்தபடி அதை யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது வண்டி ஸ்பிரிங்கில் லேசாக அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட் திறந்த சத்தமும் இல்லை. பெடல் போகிற ஓட்டை வழியாக ஒரு சொட்டு எண்ணெய் இறங்கி என் நெற்றியில் விழுந்தது.

இன்னொரு சொட்டு ஷாஃப்டில் விழுந்தது.

"ஆரு?" என்றேன்.

"நான்தான் மக்களே. சகாயத்துக்க அம்மா. நீங்க வேலையப் பாருங்க."

ஓட்டை வழியாகச் செருப்பில்லாத ஒரு பாதத்தின் ஓரம் தெரிந்தது. அவர் பெயர் மரியபுஷ்பம். முதல் பஸ்ஸில் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜெபிக்கப் போகிறவர்போல ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

"என்னம்மா விடுதிய?"

"எண்ணெய். எங்க ஊரு குருசடிக் கோயிலு விளக்கில எடுத்ததாக்கும். எல்லா நாளும் காலம்பற விடுவேன். நேத்து வண்டி இங்க நின்னுட்டு, அதான் தேடி வந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "அவருக்கு அவஸ்தைப் பூசுதல் கிடைக்கல்ல மக்களே. சாமியாரு எண்ணெயும் கொண்டு ஓடி வரும்ப உயிரு போய்ட்டு, காலு வெறச்சுப் போச்சு. பூசாமப் போன காலாக்கும். அந்தக் காலுக்குத்தான் விடுதேன். பிரேக்குல ஏதோ செய்யுதாருண்ணு பய சொல்லத் தொடங்கின பொறவு கூடக் கொஞ்சம் விடுதேன்."

நான் வேறு கிறிஸ்தவச் சபை; சாகப்போகிறவருக்கு எண்ணெய் பூசுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதனால் இதில் நான் வாய் திறக்கலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நேருக்கு நேர் நின்றிருந்தால் நிச்சயம் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் நான் பள்ளத்தில் இருந்தேன். என் முகம் அவருக்குத் தெரியாது. வண்டிக்கு அடியிலிருந்து பேசுவது எனக்கு எப்போதுமே எளிது.

"அம்மா, இந்த ரெண்டு பெடலும் ஒரே கம்பியில இருக்குது. புஷ் தேஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு கிடக்கு. நீங்க விடுத எண்ணெய் விளக்கில எரிஞ்ச எண்ணெயில்லா? அது மணலும் உப்பும் துருவும் சேந்து பசையாட்டுப் பிடிச்சிருக்கு. அதான் ஒண்ண சவிட்டினா மத்ததும் கூட வருது."

பாதத்தின் ஓரம் மட்டும் அசையாமல் தெரிந்தது.

"அப்பம் இத்தன நாளும் நான்தான் அவர இங்க ஒட்டி வச்சிருந்தேனா?"

எனக்குத் தெரிந்தது புஷ் மட்டும்.

"கழத்தாண்டாம்" என்றார் பிறகு. "கழத்தினா போயிருவாரு. அங்க போயிச் சேர வழி தெரியாம போயிருவாரு."

சகாயம் அப்போதுதான் வந்து சேர்ந்தான். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்திருப்பான்.

"எறங்கும்மா. அண்ணன் வேல செய்யட்டும்."

"நீ போலே. நீ இரும்புக்குத் தூக்கிப் போடப் பாத்தவன்."

"நேத்து அந்தப் பிள்ளைக்க குடைய நீ பாக்கல்ல."

"பெத்த அப்பன் உன்னக் கொல்லுவாராலே?"

"கொல்லணும்ணு அவருக்கு இல்லம்மா. வண்டிய ஓட்டுதது நானாக்கும்ணு அவருக்குத் தெரியாது. அவரு பாட்டுக்கு அவரு ஓட்டுதாரு. எறக்கத்தில ரெண்டு பேரு ஓட்டினா வண்டி எங்க போய் நிக்கும்? அடுத்த வாட்டி குடையோட நிக்காது. நீ ஒரு ஆளுக்குத்தான் எண்ணெய் விடுத. பொறவு எனக்கும் சேத்து விடணும்."

என் நெற்றியில் விழுந்த எண்ணெய் வழிந்து புருவத்தில் நின்றது. துடைக்கத் தோன்றவில்லை. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று இன்றும் தெரியாது. கீழிருந்தபடியே சொன்னேன்.

"அம்மா, எண்ணெய் விட வேண்டிய இடம் வேற ஒண்ணு இருக்கு. டிரைவர் கதவுக்க கீலு துருப்பிடிச்சு மாட்டிக் கிடக்கு. அங்க எத்தன விட்டாலும் வண்டிக்குக் கேடு இல்ல."

பிறகு பாதம் ஓட்டையிலிருந்து விலகியது. வண்டி லேசாக மேலே எழும்பியது.

"ஆமா" என்றது அவர் குரல், இப்போது வெளியிலிருந்து. "எறங்கணும்ணா அவருக்குக் கதவு வேணும் இல்லியா. அத நான் நெனைக்கவே இல்ல."

3. புஷ் சொன்னது

முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினேன். பிறகு ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டும், ராடு, அதன் பின்கள். ஷாஃப்டின் லாக் போல்ட்டைக் கழற்றி, பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினேன். அசையவில்லை. டீசல் விட்டு ஊறவைத்துத் தட்டினேன். அசையவில்லை. கடைசியில் பக்கத்திலிருந்த பிரேக் லைனுக்கு ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டு, கேஸ் வைத்துச் சூடாக்கினேன்.

சூடு ஏறியதும் ஷெட் முழுக்க வாசனை பரவியது. விளக்கு எரிகிற கோயில் வாசனை, அதோடு மீன் வாசனை. மரியபுஷ்பம் அம்மா வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாசனை அவரை எட்டியதும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெபமாலையை எடுத்தார். சகாயம் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

ஷாஃப்ட் விட்டது. கழன்று விழும் என்று நினைத்தேன், விழவில்லை. நான் கையில் பிடித்திருந்த பெடல்கள் என் பக்கமாக மெதுவாகச் சாய்ந்தன. தூங்கிப்போன ஒருவரின் காலைத் தூக்கிப் பிடித்தால் எப்படிக் கனக்குமோ, அப்படிக் கனத்தன. பெஞ்சில் போடாமல் சாக்கை விரித்து அதன்மேல் வைத்தேன்.

இந்த வண்டிக்குப் புஷ் கடையில் கிடைக்காது. கடைந்துதான் போட வேண்டும். பெடல்கள், புஷ், ஷாஃப்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் லேத் வைத்திருக்கும் தங்கப்பனிடம் போனேன். என்னோடு படித்தவன். ஊர்ச்செய்தி எல்லாம் அவனுக்கு என்னைவிட முன்னால் தெரியும்.

"சூசைக்க பேய் வண்டியா? ஆவிக்கு என்ன சைசில புஷ் வேணும்டே?"

"கன்மெட்டல்ல ரெண்டு கடஞ்சு தா. ஷாஃப்டும் புதுசு."

"பேய் ஓட்டினா டீசல் மிச்சம்லா. உனக்கு வேண்டாம்ணா எனக்குத் தரச் சொல்லு."

சிரித்துக்கொண்டே கிளச் புஷ்ஷை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். சிரிப்பு நின்றது. புஷ் ஒரு பக்கம் முழுக் கனத்தில் இருந்தது. எதிர்ப்பக்கம் காகிதம்போல மெலிந்து, ஓரிடத்தில் வெளிச்சமே தெரிந்தது.

"இந்த ஆளு காலு எடுக்கவே இல்லியேடே" என்றான். "கியர் மாத்தாத நேரமும் கிளச்சில காலு வச்சே இருந்திருக்காரு. காலுக்க பாரம் முழுசும் ஒரே பக்கமாட்டு இறங்கியிருக்கு. அந்தப் பாரத்துக்கு இது அளவு."

சில டிரைவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. கிளச்சில் காலைச் சும்மா வைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். வைத்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கிளச் பிளேட் சீக்கிரம் போகும், புஷ் ஒரு பக்கமாகத் தேயும். எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க அறியாமல் வைத்த காலின் பாரத்தை அப்படிக் கையில் வைத்துப் பார்த்தபோது இன்னொரு கையையும் அதற்கு அடியில் கொடுத்தேன். தங்கப்பன் அதன்பிறகு வேலை முடியும்வரை ஒரு கேலியும் பேசவில்லை. கடைசல் முடிந்ததும் பழைய புஷ்ஷைக் காகிதத்தில் பொதிந்து, "இத பழைய இரும்பில போடாண்டாம். அந்த அம்மாட்ட குடு" என்றான்.

புது புஷ்களை வைஸில் வைத்து அழுத்தி உள்ளே ஏற்றினேன். ரீமர் விட்டு உள்துளையைச் சீராக்கி, ஷாஃப்டைக் கோத்துப் பார்த்தேன். விரலால் தள்ளினால் பெடல் சுற்ற வேண்டும். பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. அதுதான் கணக்கு. நடுவில் புது வாஷர், நிப்பிளுக்குப் புது வழி. எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, கிரீஸ் அடித்து, பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஃப்ரீ பிளே, பிடிக்கும்முன் பெடல் சும்மா போகிற தூரம், சரிபார்த்தேன். பெடல் ரப்பரை மட்டும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

4. கதவு

வண்டி எடுக்க இருவரும் வந்தார்கள். தங்கப்பன் பொதிந்து தந்த பழைய புஷ்ஷை அம்மாவிடம் கொடுத்தேன், அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார். சாயங்கால வெயில் ஷெட்டுக்குள் பாதிவரை விழுந்திருந்தது. சகாயம் ஏறப் போனான். அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே இடது பக்கமாக ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வண்டி ஓட்டத் தெரியாதவர். பிரேக் எது என்று மகனிடம் கேட்டு, அதன்மேல் பாதத்தை வைத்து மிதித்தார். கண் கிளச்சிலேயே இருந்தது.

கிளச் அசையவில்லை.

காலை எடுத்தார். பிரேக் பெடல் டக்கென்று மேலே வந்தது. மறுபடி மிதித்தார். மறுபடி எடுத்தார். பிறகு மிதிக்காமல் சும்மா உட்கார்ந்து கிளச்சைப் பார்த்தார். நான் வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட புஷ், நானே பிடித்த அளவு. இருந்தாலும் அது தாழ்ந்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதைவிட, தாழாமல் இருக்கிறதே என்றும் ஒரு மாதிரி இருந்தது.

"அனங்கல்ல" என்றார் அவர். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

குனிந்து, நான்கு விரல் குழி விழுந்த ரப்பரை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். இறங்கி, வண்டியைச் சுற்றி டிரைவர் கதவுப் பக்கம் வந்தார். இடுப்பிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து மேல் கீலில் விட்டார், கீழ்க் கீலிலும் விட்டார். குப்பி காலியாகும்வரை விட்டார். எண்ணெய் துருவோடு சேர்ந்து சிவப்பாக வழிந்தது.

கொஞ்ச நேரம் ஊறட்டும் என்றேன். காத்திருந்தோம். சகாயம் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தான். முதலில் வரவில்லை. நான் லாக்கில் ஸ்குரூடிரைவர் கொடுத்து நெம்பினேன். இரண்டாவது இழுப்பில் கதவு விட்டது. நாங்கள் எதிர்பார்த்த கிரீச் சத்தம் வரவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல், அது தன்பாட்டில் முழுக்கத் திறந்து நின்றது.

அப்போது நாங்கள் மூன்று பேரும் விலகினோம். சகாயம் ஒரு பக்கம், அவன் அம்மா ஒரு பக்கம், நான் பின்னால் தூணோடு. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் வண்டியிலிருந்து இறங்கும்போது வழிவிட்டு நிற்போமே, அப்படி நின்றோம். நடுவில் வெயில் விழுந்த தரை காலியாகக் கிடந்தது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, அந்தக் காலி இடத்தில் ஒன்றைப் பார்ப்பதுபோல கண்ணை வண்டியிலிருந்து கேட்வரை மெதுவாக நகர்த்தினார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார்.

"செரிலே. இனி நீ ஏறு" என்றார் மகனிடம்.

சகாயம் டிரைவர் கதவு வழியாக ஏறினான். ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் பிரேக் மிதித்தான். பின்விளக்கு எரிந்தது. வண்டி நின்ற இடத்தில் நின்றது. இன்றைக்கும் அவன் அதில்தான் மீன் ஏற்றுகிறான். கிரீஸ் அடிக்க வரும்போது டிரைவர் கதவின் கீலில் எண்ணெய் ஈரம் இருக்கும். பெடல் ஷாஃப்டில் இருக்காது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதில் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, ஒரே ஷாஃப்டில் இரண்டு பெடல் இருக்கிற வண்டியில் பெடல் ஒட்டினால் ராடை அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுத்து அனுப்பாதீர்கள். கழற்றிப் புஷ்ஷைப் பாருங்கள். இன்னொன்று, எண்ணெய் தப்பான இடத்தில் விழுந்திருந்தால் விடாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். விட்டவருக்கு அதை விட ஒரு காரணம் இருக்கும். எங்கே விடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மற்றவர்களுக்குச் சொல்கிற விஷயமில்லை, என் பழக்கம். பழைய வண்டி எதுவானாலும் டிரைவர் கதவைத் திறந்ததும் நான் உடனே ஏற மாட்டேன். ஓரமாக ஒரு அடி தள்ளி நிற்பேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏறுவேன்.